எந்த நாட்டு மாட்டிறைச்சி ருசி? வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர்க் கடைகளில் கிடைக்கும் மாட்டிறைச்சி எல்லாமே வெளியிலிருந்து வந்து இறங்குவதுதான். அதனால் ஒரே குளிர்ப்பெட்டியில் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, நியூசிலாந்து, பிரேசில், ஜப்பான் என்று வரிசையாகக் கிடக்கும். விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு ஏறும். இதில் எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு நாட்டைச் சொல்வார்கள். கொஞ்சம் கிளறிப் பார்த்தால், ஒரு நாட்டு ரிப்ஐயை (விலாப்பக்கத்து ஸ்டேக்) உணவகத்திலும் இன்னொரு நாட்டு உறைகறியை வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுச் சொல்லும் தீர்ப்பாக அது இருக்கும்.

என் கணக்கில் ருசியைத் தீர்மானிப்பதில் நாட்டுக்கு ஐந்தாவது இடம்தான். மாடு என்ன தின்றது, என்ன இனம், என்ன வயது, அறுத்த பிறகு இறைச்சி எத்தனை நாள் பதமேறியது என்பவை எல்லாம் அதற்கு முன்னால் வந்துவிடுகின்றன. நாட்டின் பெயரைப் பார்த்து அவற்றை ஓரளவு ஊகிக்கலாம் என்பதால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு. கீழே உள்ள முறை அந்த ஊகத்தை வீட்டு அடுப்பில் சரிபார்ப்பதற்கு.

படி 1: ஒரே பாகத்தை வாங்குங்கள்

ஒப்பிட ஏற்றது ஸ்ட்ரிப்லாயின். முதுகின் பின்பக்கத்து நீளத் தசை அது. ஏறக்குறைய ஒரே தசை என்பதால் துண்டுக்குத் துண்டு மாறாது. எல்லா நாட்டிலிருந்தும் வருகிறது. ரிப்ஐயில் இரண்டு மூன்று தசைகள் கூடி நிற்கும், ஒரு வாய் ஒரு மாதிரியும் அடுத்த வாய் வேறு மாதிரியும் இருக்கும். முதுகெலும்பின் உட்புறத் தசையான டெண்டர்லாயின் எந்த நாட்டு மாட்டிலும் மென்மைதான், அதை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது.

தடிமன் எல்லாவற்றுக்கும் ஒன்றாக, இரண்டரை சென்டிமீட்டர். ஒரு தடவைக்கு மூன்று நாட்டுக்கு மேல் வேண்டாம். நாலாவதுக்கு வரும்போது நாக்கு சலித்துவிடும். உறைந்த கறியையும் உறையாத கறியையும் ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள். உறையும்போது நீர் பனிக்கட்டியாகித் தசையைக் கிழிக்கிறது, உருகும்போது சாறு வெளியேறுகிறது. அந்தப் பழியை நாட்டின் மேல் போடுவது நியாயமில்லை.

படி 2: சீட்டைப் படியுங்கள், தரக்குறியீட்டை நம்பும் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆட்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். ஒவ்வொரு நாடும் தன் தரக்குறியீட்டை வேறு வேறு கேள்விக்குப் பதிலாக வைத்திருக்கிறது.

அமெரிக்க வேளாண் துறையின் யுஎஸ்டிஏ முறையில் நமக்குத் தெரிந்த பெயர்கள் ப்ரைம், சாய்ஸ், செலக்ட். 12-ஆவது, 13-ஆவது விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டி, தசைக்குள் ஓடும் கொழுப்புக் கோடுகளையும் மாட்டின் முதிர்ச்சியையும் பார்த்துத் தரம் போடுகிறார்கள். தசையில் கொழுப்பு ப்ரைமுக்கு ஏறத்தாழ 8 முதல் 13%, செலக்டுக்கு 2 முதல் 4%. சுகாதாரச் சோதனை அங்கே கட்டாயம். தரம் பிரிப்பது கட்டாயமல்ல, இறைச்சி நிறுவனமே கட்டணம் கட்டிப் போட்டுக்கொள்வது. ஆகவே ஓர் அமெரிக்கப் பொட்டலத்தில் தரப்பெயரே இல்லையென்றால் அது கெட்ட கறி என்று பொருளில்லை. பெருமையாகப் போட்டுக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை என்று வேண்டுமானால் ஊகிக்கலாம்.

ஜப்பானில் எழுத்து ஒன்று, எண் ஒன்று. ஏ, பி, சி என்ற எழுத்து ஓர் உடலிலிருந்து எவ்வளவு கறி தேறும் என்பதைச் சொல்கிறது. அது வியாபாரிக்கு முக்கியம், சாப்பிடுகிறவருக்கு அதனால் ஒன்றுமில்லை. 1 முதல் 5 வரையுள்ள எண்தான் தரம். கொழுப்புக் கோடு, இறைச்சியின் நிறம், இறுக்கம், கொழுப்பின் நிறம் ஆகிய நான்கையும் பார்த்து, நான்கில் எது மிகக் குறைவோ அதையே மொத்தத் தரமாகக் கொடுப்பார்கள். கொழுப்புக் கோட்டுக்கு மட்டும் பிஎம்எஸ் என்று 1 முதல் 12 வரை தனி அளவு. அதில் 8 முதல் 12 வரை போனால்தான் 5-ஆம் தரம் கிடைக்கும். அப்படிப்பட்ட துண்டில் கொழுப்பு 40 சதவீதத்தை ஒட்டியும் தாண்டியும் இருக்கும். அமெரிக்க ப்ரைமோடு இதை ஒரே தட்டில் வைத்துப் போட்டி நடத்துவதில் பொருளில்லை. இரண்டும் வேறு வேறு பண்டங்கள்.

இன்னொன்று. ஜப்பானில் வளர்ந்ததெல்லாம் வாக்யூ ஆகாது. வாக்யூ என்பது நான்கு இனங்களைக் குறிக்கும்: ஜப்பானியக் கறுப்பு, பழுப்பு, ஷார்ட்ஹார்ன், கொம்பில்லா இனம். பால்பண்ணை ஹோல்ஸ்டீன் மாடு ஜப்பானில் வளர்ந்தால் அதைக் 'கொகுசான்' மாடு, அதாவது உள்நாட்டு மாடு என்பார்கள். சீட்டில் 10 இலக்க எண் இருந்தால் நல்லது. பைத்தியமாட்டு நோய் 2001-இல் அங்கே தலைகாட்டிய பிறகு ஒவ்வொரு மாட்டுக்கும் கொடுக்கப்பட்ட எண் அது. இணையத்தில் போட்டால் அந்த மாட்டின் இனமும் பிறந்த நாளும் வளர்ந்த ஊரும் தெரியும். கோபே என்ற பெயர் ஹியோகோ மாநிலத்துத் தஜிமா வம்ச மாட்டுக்கு மட்டும் உரியது. பர்கர் கடைப் பலகையில் கோபே என்று பார்த்தால் சிரித்துவிட்டுக் கடந்து போங்கள்.

ஆஸ்திரேலியாவில் இரண்டு முறைகள் கலந்து கிடக்கும். ஆஸ்-மீட் கொழுப்புக் கோட்டை 0 முதல் 9 வரை எண்ணும். கடைப்பலகையில் 'எம்பி 6/7' என்று இருப்பது இதைத்தான். இந்த 9 ஜப்பானின் 9 ஆகாது. வெட்டிப் பார்க்கும் இடத்திலிருந்தே எல்லாம் வேறு. ஜப்பானில் பார்ப்பது 6-ஆவது, 7-ஆவது விலாவுக்கு நடுவே. மற்றது எம்எஸ்ஏ (மீட் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ்திரேலியா). எனக்குப் பிடித்த முறை இதுதான், காரணம் இது சாப்பிட்டுப் பார்த்தவர்களின் வாக்கு. சாதாரண வாடிக்கையாளர்களை உட்கார வைத்து, மென்மைக்கும் சுவைக்கும் ஒட்டுமொத்தப் பிடித்தத்துக்கும் தலா 30%, சாற்றுக்கு 10% என்று மதிப்பெண் வாங்கி, இந்தப் பாகத்தை இந்த விதமாகச் சமைத்தால் இத்தனை நட்சத்திரம் என்று கணித்திருக்கிறார்கள். இறைச்சியின் பிஎச் (அமிலத்தன்மை அளவு, அமிலம் குறைந்தால் இது ஏறும்) 5.70-ஐத் தாண்டினால் எம்எஸ்ஏ முத்திரை கிடையாது. அறுக்கும் முன் அலைக்கழிந்த மாட்டில் தசைச் சர்க்கரை தீர்ந்து போய் அமிலம் உருவாகாமல், கறி கருத்துப் பசைபோல் ஆகிவிடும் என்பதற்காக அந்தக் கட்டுப்பாடு.

ஆஸ்திரேலிய 'வாக்யூ' என்றால் 'எஃப்1' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது பாதி வாக்யூ, மறுபாதி பெரும்பாலும் ஆங்கஸ். 'ஃபுல்பிளட்' என்றால்தான் கலப்பே இல்லாதது. எஃப்1 மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு முழுத் துண்டு ஸ்டேக்கைத் திகட்டாமல் சாப்பிட அதுதான் வசதி.

ஐரோப்பாவின் 'ஈ-யூ-ஆர்-ஓ-பி' குறியீடு உடலின் திரட்சியையும் மேல்கொழுப்பையும் மட்டும் பார்ப்பது. அதில் ருசியைத் தேடாதீர்கள். தென்கொரியாவின் நாட்டு மாடான ஹான்வூவுக்கு 1++, 1+, 1, 2, 3 என்று அடுக்கு. அதிலும் கொழுப்புக் கோட்டுக்குத்தான் மரியாதை. பிரேசில், அர்ஜென்டினா, நியூசிலாந்துப் பொட்டலங்களில் நுகர்வோருக்கு உதவும் தரக்குறி அநேகமாக இருக்காது. அங்கே பாகத்தின் பெயரும் தீவனமும்தான் துணை.

தரக்குறியைவிட உருப்படியான தகவல்கள் இரண்டு. ஒன்று தீவனம்: புல்லா, தானியமா, தானியம் என்றால் எத்தனை நாள். ஆஸ்திரேலியாவில் 'கிரெய்ன்ஃபெட்' என்று எழுத 100 நாளாவது தானியக் கொட்டகையில் இருந்திருக்க வேண்டும். மற்றது பொதி கட்டிய தேதி. காற்றில்லாப் பைக்குள் குளிரில் இருக்கும் காலமெல்லாம் கால்பெய்ன் என்ற நொதி தசைநாரை உள்ளிருந்தே அறுத்து மென்மையாக்குகிறது. இதைத்தான் ஏஜிங் என்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கப்பலில் வந்த ஆஸ்திரேலியக் கறி கடைக்கு வரும்போதே இந்தப் பதத்தில் இருக்கும். 'புத்தம்புதுசு' என்று விற்கப்படும் ஸ்டேக் பல நேரம் இன்னும் பதமேறாத கறி.

படி 3: பையைப் பிரித்து, பொறுத்திருந்து பாருங்கள்

பிரித்ததும் இறைச்சி பீட்ரூட்போல் கருஞ்சிவப்பாக இருக்கும், லேசான புளிப்பு வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம். காற்றுப் படாததால் வந்த நிறம் அது, மூடிய பைக்குள் தேங்கிய வாடை அது. தட்டில் பிரித்து வைத்து அரைமணி நேரம் விடுங்கள். தசைக்கு நிறம் தரும் மையோகுளோபின் என்ற புரதம் ஆக்சிஜனைப் பிடித்துச் செக்கச்செவேலென்று மலரும், வாடை போய்விடும். அரைமணி கழித்தும் புளித்த மோர் வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் தூக்கிப் போடுங்கள். நிறத்தை வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிடுவதுதான் முறை. கடைக் குளிர்ப்பெட்டி விளக்குக்கு எல்லாக் கறியையும் சிவப்பாகக் காட்டும் குணம் உண்டு.

பைக்குள் தேங்கிய சிவப்பு நீரைக் கொட்டிவிடாமல் சமையல் தராசில் எடை போடுங்கள். ஒரே எடைத் துண்டுகளில் எது அதிகம் நீர் விட்டிருக்கிறதோ, அதுதான் சட்டியிலும் வறளப் போவது.

அடுத்தது கொழுப்பு. மூன்று துண்டிலிருந்தும் சுண்டு விரல் நகமளவு கொழுப்பைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். ஜப்பானிய வாக்யூக் கொழுப்பு சிங்கப்பூர் வெக்கையில் விரல் சூட்டுக்கே வழுக்கிக் கரையத் தொடங்கும். அதில் ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் அதிகம், உருகுநிலை குறைவு. அமெரிக்கத் தானியக் கொழுப்பு மெழுகுபோல் குழையும். புல் தின்ற மாட்டின் கொழுப்பு பல நேரம் துகளாக உதிரும்.

நியூசிலாந்துக் கொழுப்பு மஞ்சளாக இருப்பதைக் கண்டு கிழட்டு மாடு என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சைப் புல்லிலுள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் தங்குவதால் வரும் நிறம் அது. எருமை அந்தக் கரோட்டினை வைட்டமினாக மாற்றிவிடுவதால், எவ்வளவு புல் மேய்ந்தாலும் அதன் கொழுப்பு வெள்ளைதான். மலேசியக் கடைகளில் இந்திய உறைகறி என்று விற்கப்படுவது எருமை; இந்தியாவிலிருந்து பசுக்கறி ஏற்றுமதிக்குத் தடை இருப்பதால் அது வேறாக இருக்க வழியில்லை. கருஞ்சிவப்புத் தசை, வெள்ளைக் கொழுப்பு என்ற ஜோடியைப் பார்த்தே அடையாளம் காணலாம்.

படி 4: எல்லாவற்றையும் ஒரே விதமாகச் சமையுங்கள்

உப்பு மட்டும், எடையில் 1%. அதாவது 250 கிராம் துண்டுக்கு இரண்டரை கிராம். மிளகு, பூண்டு, வெண்ணெய் எதுவும் வேண்டாம். மசாலாவை வேறொரு நாள் பார்த்துக்கொள்வோம்.

கனமான இரும்புச் சட்டி ஒன்று போதும். ஒவ்வொரு துண்டுக்கும் முன் துடைத்துவிட்டு அதே சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். முப்பது நொடிக்கு ஒருமுறை புரட்டுங்கள். நடுவில் வெப்பமானியைக் குத்தி 53 டிகிரி செல்சியஸில் இறக்கினால், ஐந்து நிமிட ஓய்வில் 56-ஐ ஒட்டி நிற்கும். ஜப்பானியக் கறிக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள், அதுவே தேவைக்கு மேல் விடும்.

நம் வீடுகளில் பலருக்கு உள்ளே சிவப்பாக இருந்தால் தொண்டையில் இறங்காது. அப்படியென்றால் எல்லாத் துண்டையும் 70 டிகிரி வரை வேகவிட்டு ஒப்பிடுங்கள். நீங்கள் சாப்பிடுகிற பதத்தில் எது நிற்கிறது என்பதுதானே கேள்வி? முடிவு மாறத்தான் செய்யும். கொழுப்பு குறைந்த கறி அந்தச் சூட்டில் சக்கையாகிவிடும், கொழுப்போடு இருப்பது தாக்குப்பிடிக்கும். 56-இல் ஜெயித்த புல்மாட்டுக் கறி 70-இல் கடைசிக்குப் போவது இப்படித்தான்.

சமைப்பதற்கு முன்னும் பின்னும் எடை எழுதிவையுங்கள். குறைந்த எடையைப் பச்சை எடையால் வகுத்து நூறால் பெருக்கினால், சட்டி தின்றது எத்தனை சதவீதம் என்று தெரியும்.

படி 5: பெயர் தெரியாமல் ருசியுங்கள்

விலையைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் விலைதான் ருசிக்கும். சமைத்தவர் ருசிப்பவராக இருக்கக் கூடாது. இரண்டு சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக வெட்டி, தட்டுகளுக்கு 417, 802 என்று ஏதாவது மூன்று இலக்க எண் கொடுங்கள். ஏ, பி, சி என்றோ 1, 2, 3 என்றோ கொடுத்தால் முதலாவது உசத்தி என்ற நினைப்பு தானாக வந்துவிடும்.

முதல் வாய்க்குப் பசியே மதிப்பெண் போட்டுவிடும். அதனால் கணக்கில் சேராத ஒரு துண்டை முதலில் எல்லோருக்கும் கொடுங்கள். எம்எஸ்ஏ சோதனைகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள். பிறகு ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றிக் கொடுங்கள். வாக்யூ இருந்தால் மட்டும் அது எல்லோருக்கும் கடைசி, அதன் கொழுப்பு நாக்கில் படிந்துவிட்டால் அடுத்தது எதுவும் ஏறாது. நடுநடுவே வெறும் ரொட்டியும் வெதுவெதுப்பான நீரும். ஐஸ் தண்ணீர் குடித்தால் வாயில் கொழுப்பு உறையும்.

எழுத வேண்டியது நான்கே: மென்மை, சாறு, சுவை, மொத்தத்தில் பிடித்ததா. பேச்சு மூச்சு இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் "இதுதான்யா கறி!" என்று சொல்லிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது.

வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் முக்கோணச் சோதனை நடத்துங்கள். மூன்று துண்டில் இரண்டு ஒரே கறி, ஒன்று வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. கண்ணை மூடிக் குறிசொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் ஆறு பேரில் ஐந்து பேராவது குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. நாட்டுப் பெருமை பேசுகிறவர்களை அடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 6: வாயில் வந்ததை நாட்டோடு பொருத்துங்கள்

தானியம் தின்ற அமெரிக்கக் கறியில் இனிப்பான, வெண்ணெய் கலந்த மணம் முன்னால் வரும். கடைசி நான்கைந்து மாதம் சோளம் தின்று கொழுத்த மாடு அது. மென்மை, சாறு இரண்டும் இருக்கும், பெரும்பாலானோருக்குப் பிடிக்கும். ஆழம் குறைவு என்பது என் குறை.

புல் தின்ற நியூசிலாந்துக் கறியில் கொழுப்பமிலங்களே வேறு. பச்சிலை வாடை, கொஞ்சம் ஈரல் சாயல், நாக்கின் பின்பக்கத்தில் நெடுநேரம் நிற்கும் ருசி. ஆட்டுக்கறியில் மொச்சை வாடை வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்கும். ஆஸ்திரேலியா இரண்டு விதமாகவும் அனுப்புவதால், ஆஸ்திரேலிய ருசி இன்னது என்று ஒன்றைச் சொல்வது வெறும் பேச்சு.

அர்ஜென்டினா என்றதும் பாம்பாஸ் புல்வெளி நினைவுக்கு வரும். ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு இன மாடுகள் அங்கே நிறைய. ஆனால் இன்று அங்கும் பெரும்பங்கு மாடுகள் கடைசியில் தானியக் கொட்டகைக்குப் போகின்றன. புல்லின் ருசியை எதிர்பார்த்து வாங்கினால் சீட்டில் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிரேசில் கறி கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று சொல்வோர் அதற்குப் புல்லைக் காரணம் காட்டுவார்கள். பாதிக் காரணம் இனம். அந்நாட்டு மந்தையில் பெரும்பகுதி நெல்லோர் இனமும் அதன் கலப்பும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் வட்டாரத்து ஓங்கோல் மாடுகளின் வம்சம்தான் அது, பெயரைக்கூட விடாமல் கொண்டுபோயிருக்கிறது! திமிலுள்ள இந்த மாடுகளின் தசையில் கால்பெய்ன் நொதியைக் கட்டிப்போடும் கால்பாஸ்டாட்டின் அதிகம். அதனால் எத்தனை நாள் பதம் போட்டாலும் மென்மை மெதுவாகத்தான் வரும். வெயிலையும் உண்ணியையும் தாங்கும் உடல் வேண்டும் என்று பிரேசில்காரர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிட்டத்து மேல்பாகமான பிக்கான்யாவைக் கொழுப்புத் தொப்பியோடு கல்லுப்புப் போட்டு நெருப்பில் வாட்டினால் இந்தக் கறியின் நல்ல முகம் தெரியும்.

ஜப்பானிய ஏ5-ஐ ஸ்டேக்காக எடை போட்டால் அது எப்போதும் தோற்கும் அல்லது எப்போதும் ஜெயிக்கும். உங்களுக்குக் கொழுப்பு எவ்வளவு பிடிக்கும் என்பதே தீர்ப்பு. மென்று தின்ன அதில் ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்கு 60, 70 கிராம் போதும்.

படி 7: குழம்புக்குத் தனிச் சோதனை வையுங்கள்

ஸ்டேக்கில் கிடைத்த வரிசையைக் குழம்புச் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டை அறுக்கத்தான் பொதுவாகச் சான்று கிடைக்கும். ஏஜிங் என்ற பேச்சே இல்லை, காலையில் அறுத்தது மதியம் உலையில். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துச் சமையல்காரர்கள் அந்த முதிர்ந்த கறியிலும் நல்ல பிரியாணி ஆக்குகிறார்கள். முதிர்ந்த மாட்டின் தசையில் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் இறுகிக் கிடக்கும், ருசியும் கூடுதலாக இருக்கும். நின்று வெந்தால் கொலாஜன் ஜெலட்டினாகி மசாலாவோடு ஒட்டும்.

இந்தச் சோதனைக்கு முன்னங்கால் சதை வாங்குங்கள். ஒரே அளவுத் துண்டு, ஒரே மசாலா, தனித்தனிக் குக்கர் அல்லது தனித்தனி முறை. ஆவி வந்தபின் இளம் ஆஸ்திரேலிய மாட்டுக்கு 30 நிமிடத்தில் பாருங்கள், எருமைக்கு 45-இல். முள்கரண்டி இறங்கி, ஆனால் நார் நாராகப் பிரிந்துவிடாத நிலை வரும்வரை ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டுங்கள். எந்தக் கறிக்கு எவ்வளவு ஆனது என்று குறித்துவையுங்கள். மஞ்சள் கொழுப்புள்ள நியூசிலாந்துக் கறியும் பிரேசில் கறியும் மல்லி, சோம்பு, மிளகுக்கு ஈடுகொடுத்து நிற்கும். அமெரிக்கச் சாய்ஸின் வெண்ணெய் மணம் மசாலாவில் அடிபட்டுப் போகும், கொடுத்த காசுக்குக் கேடு. ஏ5-ஐ யாராவது குழம்பில் போட்டால் பாதித் துண்டு கரைந்து மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்து வைத்துக்கொண்டு மறுநாள் முட்டை பொரிக்கலாம்.